தாராவும் நாதிராவும்
தில்லி கண்ட ஓர் இல்லறம்

ஞாயிற்றுக்கிழமைகளில் புளியோதரையும் தயிர்ச்சாதமும் கட்டிக்கொண்டு, குழந்தை குட்டிகளுடன் ஹுமாயூன் சமாதித் தோட்டத்துக்குச் சென்று, புல்தரையில் அமர்ந்து உண்டு களித்துத் திரும்பிய நினைவு நம்முள் மூத்த தலைமுறையினர் பலருக்கு உண்டு. குழந்தைகள் உயர்ந்த மேடையின் மீது ஓடி விளையாடுவர். பெரியவர்கள் அங்குக் கிடக்கும் கல்லறைகளைச் சுற்றிப் பார்ப்பர். அந்தக் கல்லறைகளில் நூற்றுக்கு மேற்பட்டவை அரச குலத்தாருடையவை. பெரும்பாலானவற்றில் பெயர் பொறிக்கப்படவில்லை. பெயரில்லாத அக்கல்லறைகளுள் ஒன்று, நாட்டை ஆளப் பிறந்தும் ஆளாமல் மாண்ட ஓர் இளவரசனுடையது. அவன் பெயர் தாரா ஷுகோ. ஷாஜஹானின் மூத்த மகன்.

தாராவைப் பற்றி நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் ஓரிரு வரிகள் படித்திருப்பர். ஔரங்கசீப்பிடம் தோற்றவன் என்றும், உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்தவன் என்றும் அவ்வரிகள் கூறும். ஆயினும் அவன் வாழ்வில் 26 ஆண்டுகள் உடன் நடந்த ஒருத்தியைப் பற்றி அப்பாடங்கள் பேசுவதில்லை. அவள் நாதிரா பானு பேகம். அவ்விருவருடைய பக்தியையும், இல்லறத்தையும், அவர்கள் சேர்ந்து கடந்த நெடுவழிகளையும் பற்றிச் சிறிது சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணக்கோலம்

தாரா 1615ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அஜ்மீரில் பிறந்தவன். நாதிரா அவனுக்கு மூன்று வயது இளையவள். அவளுடைய தந்தை இளவரசர் பர்வீஸ், ஷாஜஹானுக்கு அண்ணன். எனவே நாதிரா தாராவுக்குப் பெரியப்பா மகள். நம் வழக்கில் இது தங்கை முறை. கேட்ட அளவில் நாம் காதைப் பொத்திக்கொள்வோம். முகலாயர் வழக்கிலோ இது உரிமை மணமேயாகும். தந்தையை 1626இல் இழந்துவிட்ட அப்பெண்ணைத் தன் மூத்த மகனுக்கு மணமுடிக்க வேண்டும் என்று விரும்பியவள் தாராவின் தாய் மும்தாஜ் மஹல். ஆனால் அவள் 1631ஆம் ஆண்டு ஜூன் மாதம் புர்ஹான்பூரில் மகப்பேற்றின்போது உயிர் நீத்தாள். அரண்மனை துக்கத்தில் மூழ்கியது. திருமணப் பேச்சும் நின்றது.

நின்ற பேச்சை மீண்டும் தொடங்கி நடத்தி வைத்தவள் தாராவின் தமக்கை ஜஹானாரா. தாயில்லாக் குடும்பத்தில் மூத்த பெண் தாயின் பொறுப்பை ஏற்பது நம் வீடுகளிலும் காண்பதே அன்றோ! அப்போது ஜஹானாராவுக்கு வயது 18தான். 1633ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆக்ராவில் நிகழ்ந்த அத்திருமணத்துக்கு ஆன செலவு 32 லட்சம் ரூபாய் என்றும், அதில் 16 லட்சம் ஜஹானாராவின் கைப்பொருள் என்றும் கணக்குச் சொல்வர். யமுனைக் கரையில் வாணவேடிக்கைகள் நடந்தன. மணமகனுக்கு 18 வயது நிறையவில்லை. மணமகளுக்கு 15 நிறையவில்லை.

மணம் முடிந்து மூன்று திங்கள் கழிந்தன. மே மாத இறுதியில் ஆக்ராக் கோட்டையின் கீழே ஆற்று மணலில் யானைப்போர் நடந்தது. இளவரசர்கள் குதிரைகளின் மீதிருந்து வேடிக்கை பார்த்தனர். யானைகளுள் ஒன்று மதம் கொண்டு 14 வயதுச் சிறுவனான ஔரங்கசீப்பின் மீது பாய்ந்தது. சிறுவன் ஓடவில்லை, ஈட்டியை எறிந்து எதிர்த்து நின்றான். ஷூஜா உதவிக்கு விரைந்தான். தாரா சற்றுத் தள்ளி இருந்தமையால் அவன் கை உதவவில்லை. புதுமாப்பிள்ளையின் மீது விழுந்த இச்சிறு பழி, அண்ணன் தம்பியரிடையே பின்னர் வளர்ந்த பெரும்பகைக்கு முதல் வித்து என்பாரும் உளர். எவ்வாறாயினும், தாரா போர்க்களத்துக்காகப் பிறந்தவன் அல்லன் என்பதை அவன் வாழ்வு பலமுறை காட்டிற்று.

முதல் பயணமும் முதல் துயரமும்

முகலாய அரசர் ஓரிடத்தில் நிலையாகத் தங்குபவர் அல்லர். ஆக்ராவிலிருந்து லாகூர், லாகூரிலிருந்து காசுமீரம் என்று ஆண்டுதோறும் அரண்மனையே நடந்து செல்லும். கூடாரங்கள் இரண்டு தொகுதியாக இருக்கும். ஒன்றில் அரச குடும்பம் தங்கியிருக்கையில் மற்றொன்று அடுத்த தங்குமிடத்துக்கு முன்னே செல்லும். மறுநாள் சென்று சேரும்போது அங்கு ஓர் அரண்மனை ஆயத்தமாக நிற்கும். பெண்மணிகள் பல்லக்கிலும் யானை அம்பாரியிலும் திரைக்குள் அமர்ந்து செல்வர். புதுமணத் தம்பதியர் இல்லறம் தொடங்கியது இத்தகைய துணி வீடுகளிலேயே என்னலாம்.

1634ஆம் ஆண்டு அரச பரிவாரம் லாகூர் நோக்கிப் புறப்பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் நாதிராவுக்குப் பிறந்திருந்த தலைக்குழந்தை, பெண், அவ்வழியிலேயே மடிந்தது. அதனை அடுத்துத் தாராவும் நோயில் வீழ்ந்தான். மருத்துவர் மருந்துகள் பயனளிக்கவில்லை. ஷாஜஹான் மகனை அழைத்துக்கொண்டு லாகூரில் வாழ்ந்த மியான் மீர் என்னும் பெரியவரிடம் சென்றார். அவர் காதிரி நெறியைச் சேர்ந்த சூஃபி ஞானி. அரசரையும் ஆண்டியையும் ஒன்றாக நோக்குபவர். அவர் தாம் நீர் அருந்தும் மண் குவளையில் நீர் வார்த்து இளைஞனிடம் நீட்டினார். ஒரு வாரத்துக்குள் தன் நோய் தீர்ந்தது என்று தாராவே பிற்காலத்தில் எழுதி வைத்துள்ளான்.

மறுமுறை அவரைக் காணச் சென்றபோது இளவரசன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் மாடி ஏறினான். பெரியவர் இலவங்கத்தை மென்று கீழே உமிழ்ந்தார். மற்ற அரச குடும்பத்தார் முகம் சுளித்தனர். தாராவோ அவற்றைப் பொறுக்கி எடுத்து உண்டான். குருவின் எச்சில் சீடனுக்குப் பிரசாதம் என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று. முகலாய இளவரசனிடம் அதைக் காண்பதே வியப்பு.

1635இல் மியான் மீர் மறைந்தார். அவருடைய சீடர் முல்லா ஷா காசுமீரத்தில் இருந்தார். 1640ஆம் ஆண்டுக் காசுமீரப் பயணத்தில் தாராவும் ஜஹானாராவும் அவரைக் குருவாகக் கொண்டனர். ஶ்ரீநகரில் டால் ஏரிக்கு மேலே மலைச்சரிவில் ஆறு அடுக்குகளாக அமைந்த பரி மஹல் என்னும் தோட்டம் தாரா கட்டியது. இன்று அங்குச் செல்லும் யாத்திரிகர்கள் ஏரியின் அழகைக் கண்டு மகிழ்கின்றனர். மலையேறி, குருவின் வாய்மொழி கேட்டு, ஏரியைப் பார்த்து அமரும் வாழ்வு அரியணையினும் உயர்ந்தது என்று அக்காலத்தில் தாராவுக்குத் தோன்றியிருந்தால் அது வியப்பன்று.

இல்லறமும் வழிபாடும்

இத்தம்பதியரின் அன்புக்குச் சான்றாக ஒரு பொருள் இன்றும் நிலைத்திருக்கிறது. அது ஓர் ஓவியத் தொகுப்பு. மலர்களும் பறவைகளும், இளைஞரும் மகளிரும், அழகிய கையெழுத்து ஏடுகளும் அடங்கியது. 1640களில் தாரா தன் கையெழுத்தால் ஒரு முகவுரை எழுதி, தன் நெருங்கிய துணைவியும் அந்தரங்கத் தோழியும் என்று நாதிராவைக் குறிப்பிட்டு, அதை அவளுக்குப் பரிசளித்தான். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் அது பாதுகாக்கப்பட்டு வருகிறது. நகைகளையும் நாடுகளையும் மனைவிக்கு அளித்த அரசர் பலர். பக்கம் பக்கமாகத் தேர்ந்து சேர்த்த பூக்களையும் பறவைகளையும் அளித்தவர் சிலரே.

தாரா வேறு அரசகுல மணமகளை நாடவில்லை. அந்தப்புரத்தில் வேறு பெண்கள் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் இல்லத்தரசியின் இடம் நாதிராவுக்கே உரியதாய் இருந்தது. அவர்களுக்குப் பிறந்த மக்கள் எண்மர் என்பர். வளர்ந்து ஆளானவர்கள் சுலைமான் ஷுகோ, சிபிஹிர் ஷுகோ என்னும் இரு புதல்வர்களும், ஜஹான்ஜேப் பானு என்னும் மகளுமே. ஏனைய தொட்டில்களை எல்லாம் இறைவன் வெறுமையாக்கினான். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் பக்தி வேரூன்றுவது உலகியல்பு. இவ்வீட்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது.

தாராவின் அன்றாட வாழ்வில் தொழுகையும், குர்ஆன் ஓதுதலும், கையெழுத்துக் கலையும், நூல் எழுதுதலும் இடம்பெற்றன. 25 வயதில் இறையடியார் வரலாறுகளைத் தொகுத்தான். தொடர்ந்து மியான் மீரின் வரலாற்றை எழுதினான். 1646இல் எழுதிய சிறு நூலொன்றில் மூச்சை அடக்கும் முறையையும், ஆளரவமற்ற இடத்தில் அமர்ந்து அகத்தே எழும் நாதத்தைக் கேட்கும் முறையையும் விளக்குகிறான். நம் பிராணாயாமத்தையும் நாதோபாசனையையும் அறிந்தவர்களுக்கு அவ்விளக்கம் அயலாகத் தோன்றாது.

யமுனைக்கரை மாளிகை

1648ஆம் ஆண்டு ஏப்ரலில் ஷாஜஹானாபாத் என்னும் புதுத் தில்லி நகரம் அரசு ஏற்றது. செங்கோட்டைக்கு வடக்கே, யமுனைக் கரையில், நிகம்போத் துறையை ஒட்டித் தாராவின் மாளிகை எழுந்தது. இன்று நிகம்போத் என்றால் நம் நெஞ்சில் எழுவது சுடுகாடு. நம்மவர் பலரை நாம் தோளில் சுமந்து சென்று வழியனுப்பிய துறை அது. ஆனால் அந்தத் துறையருகே, 1657ஆம் ஆண்டுக் கோடைக்காலத்தில், காசியிலிருந்து வந்த பண்டிதர்களும் சந்நியாசிகளும் ஒரு முகலாய இளவரசனுடன் அமர்ந்து உபநிடதங்களுக்குப் பொருள் கூறிக்கொண்டிருந்தனர். ஆறு திங்களில் 50 உபநிடதங்கள் பாரசீக மொழியில் பெயர்க்கப்பட்டன. குர்ஆனில் மறைபொருளாகச் சுட்டப்படும் நூல் உபநிடதமே என்பது தாராவின் துணிபு.

இதற்கு முன்பே 1653இல் லாகூரில் பாபா லால் என்னும் துறவியுடன் அவன் பலநாள் உரையாடினான். சந்திரபான் என்னும் அந்தண அலுவலர் உடனிருந்து உதவினார். 1655இல் சூஃபி நெறியையும் வேதாந்தத்தையும் இரு கடல்களாகக் கொண்டு, அவை சங்கமிக்கும் இடத்தைக் காட்டும் நூலை எழுதினான். மதுராவில் கேசவராயர் கோயிலுக்குக் கல் வேலி அளித்தான். 'பிரபு' என்னும் சொல்லை நாகரி எழுத்தில் பொறித்த மோதிரம் அணிந்தான். பின்னாளில் எதிரிகள் அவன்மீது சாட்டிய குற்றங்களுள் இம்மோதிரமும் ஒன்று.

தெற்கிலிருந்து பிழைப்பு நாடித் தில்லிக்கு வந்தவர்கள் நாமே முதல்வர் என்று எண்ணவேண்டா. ஆந்திர நாட்டு ஜகந்நாத பண்டிதர் அக்காலத்திலேயே இங்கு வந்து ஷாஜஹானிடம் பண்டிதராஜர் என்னும் விருது பெற்றார். தம் இளமையைத் தில்லி வேந்தரின் நிழலில் கழித்ததாக அவரே பாடியுள்ளார்.

இவ்வளவு பெருமை கூறியபின் குறையையும் கூறுவதே சரித்திரத்துக்கு அழகு. தாரா அரண்மனை வாழ்வில் ஊறியவன். தந்தை அவனை அருகிலேயே வைத்துக்கொண்டார். 1655இல் மயிலாசனத்தின் அருகே பொன் நாற்காலி இட்டு அமர்த்தினார். தம்பியர் தெற்கிலும் கிழக்கிலும் போர் பயின்றனர். இவன் புகழுரை பயின்றான். தன்னைவிட அறிவிற் சிறியவர் என்று எண்ணியவர்களை ஏளனம் செய்யும் பழக்கமும் இருந்தது. 1653இல் பெரும்படையுடன் சென்று சுமார் ஐந்து மாதம் காந்தகாரை முற்றுகையிட்டான். பீரங்கியோடு மந்திரவாதிகளையும் அழைத்துச் சென்றான். கோட்டை வீழவில்லை. ஞானம் தேடுபவனிடம் நாம் எதிர்பார்க்கும் அடக்கமும், அரசனிடம் எதிர்பார்க்கும் விழிப்பும் அவனிடம் குறைந்தே இருந்தன. அதன் விலையை அவன் மட்டும் அன்றி அவன் இல்லாளும் கொடுக்க நேர்ந்தது.

வழிநடை

1657ஆம் ஆண்டு ஜூன் மாதம் உபநிடத மொழிபெயர்ப்பு முடிந்தது. செப்டம்பர் மாதம் ஷாஜஹான் தில்லியில் நோயுற்றார். மூன்று தம்பியரும் படை திரட்டினர். 1658ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஆக்ராவை அடுத்த சாமூகட் களத்தில், கொளுத்தும் வெயிலில், தாரா தோற்றான். அன்றிரவு ஆக்ரா வந்தும், நாணத்தால் தந்தையின் முகத்தில் விழிக்கவில்லை. நள்ளிரவு கடந்தபின் நாதிராவையும் மக்களையும் சிறு பரிவாரத்தையும் அழைத்துக்கொண்டு தில்லி நோக்கிப் புறப்பட்டான்.

32 லட்சம் செலவில் மணம் நடந்த ஊரை விட்டு அத்தம்பதியர் இருளில் வெளியேறிய காட்சி, பூம்புகாரை விட்டுக் கோவலனும் கண்ணகியும் வைகறைக்கு முன் வெளியேறியதை நமக்கு நினைவூட்டும். கணவன் பிழையை எடுத்துக் கூறாமல் உடன் நடந்தவள் கண்ணகி. நாதிராவும் அவ்வாறே நடந்தாள். முன்பு அரண்மனையே உடன் நடந்தது; இப்போது அரண்மனை பின்னே நின்றுவிட்டது.

தில்லியில் தங்கியது ஒரு வாரமே. பின்னர் லாகூர், முல்தான், பக்கர் என்று சிந்து நதியை ஒட்டித் தெற்கே சென்றனர். இப்பகுதியில் தாராவின் பீரங்கிப் படையில் இருந்தவர் நிக்கொலா மனுச்சி என்னும் வெனிஸ் நகரத்து இளைஞர். இவரை நாம் தனியே நினைவுகூர வேண்டும். ஏனெனில் இவர் பிற்காலத்தில் நம் சென்னைப் பட்டினத்தில் குடியேறி, 1686இல் அங்கேயே மணம் புரிந்து, பரங்கிமலையிலும் வீடு வைத்துக்கொண்டு வாழ்ந்தவர். தாராவின் கொடையையும் குறையையும் அவர் தம் நூலில் விரிவாக எழுதினார். தில்லியின் துயரக் கதையைச் சென்னையில் இருந்து சொன்ன முதல் மனிதர் அவரே எனலாம்.

தட்டாவிலிருந்து கட்ச் வளைகுடாப் பகுதியின் உப்புப் பாலையைக் கடந்து, 1659 ஜனவரியில் ஆமதாபாத் சேர்ந்தனர். சிறிது நம்பிக்கை பிறந்தது. படை திரட்டி அஜ்மீருக்கு வந்தான். தான் பிறந்த அவ்வூரின் அருகே தியோராய் என்னும் இடத்தில் மார்ச்சு மாதம் மூன்று நாள் போர் நடந்தது. மீண்டும் தோல்வி. மீண்டும் ஓட்டம்.

ஆமதாபாத் செல்லும் வழியில் பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே தற்செயலாக இவர்களைச் சந்தித்தார். உடன் மருத்துவர் இல்லாமையால் தாரா அவரை நிறுத்திக்கொண்டான். குடும்பத்துப் பெண்மணி ஒருவரின் காலில் கடுமையான அழற்சி இருந்தது. மூன்று நாள் உடன் சென்ற பெர்னியே கண்டதை எழுதுகிறார்: இரவில் பெண்களை மறைக்கக் கூடாரம் கூட இல்லை; ஒரு துணித் திரையின் கயிறுகளைத் தம் வண்டிச் சக்கரங்களில் கட்டியிருந்தனர். ஆமதாபாத்தின் கதவு திறக்காது என்னும் செய்தி விடியலில் வந்தபோது, அத்திரைக்குப் பின்னிருந்து எழுந்த பெண்களின் ஓலம் கேட்டோர் கண்ணில் நீர் வரவழைத்தது. ஒருகாலத்தில் இரண்டு துணி அரண்மனைகள் மாறி மாறி முன் சென்ற குடும்பத்துக்கு வந்த நிலை அது.

கோடையின் உச்சத்தில் உப்புப் பாலையை இரண்டாம் முறை கடந்தனர். நீர் இல்லை; நிழல் இல்லை. சிந்து நதியையும் கடந்தபின் மேற்கே இரண்டு வழிகள் இருந்தன. காந்தகார் வழியாகப் பாரசீகம் செல்லலாம். அங்கு அடைக்கலம் கிடைக்கும். ஆனால் குடும்பத்துப் பெண்கள் அவ்வழியை அஞ்சினர். மற்றொன்று, போலன் கணவாய்க்கு அருகில் தாதர் என்னும் இடத்தில் இருந்த மாலிக் ஜீவன் என்பவனிடம் செல்வது. அவன் முன்னொரு காலத்தில் ஷாஜஹானின் கட்டளைப்படி யானைக் காலில் இடறுண்டு சாக இருந்தவன். தாரா பரிந்து பேசியதால் பிழைத்தவன். உயிர் கொடுத்தவனுக்கு அவன் துரோகம் செய்யான் என்று தாரா நம்பினான். செல்லவேண்டாம் என்று வீட்டார் காலில் விழுந்து அழுதனர் என்பது பெர்னியே கேட்டறிந்த செய்தி.

ஒரு சொல்லுக்காக

பயணக் களைப்பும் வயிற்றுக்கடுப்பும் நாதிராவை வாட்டின. மருந்து இல்லை, ஓய்வு இல்லை. 1659ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், தாதரை நெருங்கும் வழியில், அவள் உயிர் பிரிந்தது. வயது 41. தன்னை இந்துஸ்தான மண்ணில், மியான் மீரின் சமாதிக்கு அருகே அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவளுடைய இறுதி விருப்பம்.

இங்கே சரித்திரம் ஒரு கணம் நிற்கிறது. தாராவிடம் எஞ்சியிருந்தவர்கள் சுமார் 70 குதிரை வீரர்களே. அவர்களே அவனுடைய கடைசிப் படை. அவன் உயிருக்குக் கடைசிக் காவல். லாகூரோ பலநூறு கல் தொலைவில், எதிரியின் கையில் இருந்தது. அரச தந்திரம் அறிந்தவன் மனைவியை அங்கேயே மண்ணில் இட்டுவிட்டு மேலே நடந்திருப்பான். தாரா அவ்வாறு செய்யவில்லை. குல் முகம்மது என்னும் நம்பிக்கைக்குரிய தளபதியிடம் உடலை ஒப்படைத்து, அவ்வீரர்களைத் துணைக்கு அனுப்பி, ஏனையோரையும் விரும்பினால் வீடு திரும்பலாம் என்று விடுவித்தான். அவன் அருகில் மிஞ்சியவர்கள் பிள்ளைகளும் சில பணியாட்களுமே. சில நாட்களுக்குள் மாலிக் ஜீவன் அவனைப் பிடித்துக் கொடுத்தான்.

இது பேதைமை என்று சரித்திர ஆசிரியர் சிலர் கூறுவர். போர்க் கணக்கில் பேதைமையே. ஆனால் மண் குவளையில் நீர் வாங்கிக் குடித்த நாள் முதல் அவ்விருவரும் வாழ்ந்த வாழ்வின் கணக்கில் அது வேறு. களத்தில் அவன் எடுத்த முடிவுகள் பெரும்பாலும் பிழைபட்டன. மனைவிக்குக் கொடுத்த சொல்லைக் காத்ததில் மட்டும் அவன் தவறவில்லை.

தில்லிக்குத் திரும்புதல்

1659 ஆகஸ்டு 29ஆம் நாள், அழுக்கு உடையுடன், அழகு செய்யப்படாத ஒரு பெண் யானையின் மீது, 14 வயது மகன் சிபிஹிருடன் தாரா தில்லித் தெருக்களில் ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பட்டான். நாம் துணி வாங்கவும் இனிப்பு வாங்கவும் செல்லும் சாந்தினி சௌக்கே அவ்வழி. பெர்னியே அன்று கூட்டத்தில் இருந்தார். ஆணும் பெண்ணும் குழந்தைகளும் தம் வீட்டிலேயே துக்கம் நேர்ந்ததுபோல அழுதனர் என்றும், ஆயினும் ஒருவரும் வாளை உருவத் துணியவில்லை என்றும் அவர் எழுதுகிறார். வழியில் ஒரு பிச்சைக்காரன், முன்பெல்லாம் கொடுத்தாயே, இன்று ஒன்றும் இல்லையே என்று கூவ, தாரா தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து எறிந்தான் என்று ஒரு கதை வழங்குகிறது.

இன்றைய நியூ பிரெண்ட்ஸ் காலனிக்கு அருகில் உள்ள கிஜ்ராபாத் பகுதியில் சிறை வைத்தனர். மறுநாள் இரவு கொலையாட்கள் வந்தபோது, நஞ்சுக்கு அஞ்சித் தந்தையும் மகனும் தாமே பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தனர் என்பது பெர்னியேயின் கூற்று. ஆயிரம் சமையற்காரர் பணிபுரிந்த குலத்தின் கடைசி அடுப்பு அது. மகனைப் பிரித்து இழுத்துச் சென்று, தந்தையின் தலையை வெட்டினர். சமயத்துக்கு மாறானவன் என்பது சாட்டப்பட்ட குற்றம். உடல் ஹுமாயூன் சமாதியில், அக்பரின் மைந்தர் இருவர் கிடக்கும் அறையில் அடக்கம் செய்யப்பட்டதாக ஔரங்கசீப்பின் அரசாங்கச் சரித்திரமே குறிக்கிறது. அக்கல்லறை எதுவென்று கண்டறிய 2020இல் மத்திய அரசு ஓர் அறிஞர் குழுவை அமைத்தது.

மூத்த மகன் சுலைமான் 1662இல் குவாலியர் சிறையில் மாண்டான். அனாதையான ஜஹான்ஜேப்பை வளர்த்தவள், பெற்றோருக்கு மணம் நடத்தி வைத்த அதே அத்தை ஜஹானாரா. 1669இல் அப்பெண் ஔரங்கசீப்பின் மகன் ஆஸமை மணந்தாள். 1673இல் சிபிஹிர் ஔரங்கசீப்பின் மகளை மணந்தான். பகை மூண்ட குடும்பத்திலேயே அப்பிள்ளைகள் மீண்டும் வாழ்க்கைப்பட்டனர்.

எஞ்சி நிற்பவை

தாராவின் பாரசீக உபநிடதப் பிரதி ஒன்று ஐரோப்பா சென்றது. ஆன்கெத்தில் துய்பெரோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதை லத்தீனில் பெயர்த்து 1801, 1802ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஷோப்பனோவர் அதனைத் தம் வாழ்நாள் ஆறுதலாகக் கொண்டார். யமுனைக் கரையில் தொடங்கிய ஓடை அவ்வளவு தூரம் பாய்ந்தது.

காசுமீரி கேட் பேருந்து நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால், அம்பேத்கர் பல்கலைக்கழக வளாகத்தில் தாராவின் நூலகக் கட்டடம் இன்றும் நிற்பதைக் காணலாம். ஆங்கிலேயர் காலத்தில் ஆக்டர்லோனி துரை அதில் வசித்தார்; முகப்பும் மாறிற்று. 2023 முதல் அங்கு நாட்டுப் பிரிவினை அருங்காட்சியகம் நடைபெறுகிறது. 2017இல் ஒரு சாலைக்கும் தாராவின் பெயர் சூட்டப்பட்டது.

அந்நூலகத்தில் பிரிவினையின் நினைவுகள் குடியேறியது தற்செயலே. ஆனால் அதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. நாதிராவின் சமாதி லாகூரில், மியான் மீரின் சமாதிக்கு அருகே, முன்னர் நீர் நிறைந்திருந்த ஒரு குளத்தின் நடுவில் அவள் விரும்பியபடியே அமைந்தது. தாராவின் கல்லறை தில்லியில் உள்ளது. இந்துஸ்தான மண்ணில் கிடக்க வேண்டும் என்று அவள் விரும்பியபோது, லாகூரும் தில்லியும் ஒரே மண். 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வரைந்த கோடு அவ்விருவருக்கும் இடையே சென்றது. உப்புப் பாலையில் பிரியாதவர்களை அக்கோடு பிரித்தது.

பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்கு, எங்கே வாழ்ந்தோம் என்பதோடு எங்கே மண்ணாவோம் என்னும் கேள்வியும் அவ்வப்போது நெஞ்சில் எழுவதுண்டு. சிலர் சாம்பல் காவிரிக்குச் செல்கிறது. சிலர் சாம்பல் நிகம்போத் துறையில் யமுனையோடு கலக்கிறது. அடுத்த முறை நீங்கள் குழந்தைகளுடன் ஹுமாயூன் சமாதிக்குச் சென்றால், பெயரில்லாத கல்லறைகளின் முன்னே சற்று நில்லுங்கள். இங்கே ஒருவன் கிடக்கிறான், மனைவிக்குக் கொடுத்த வாக்குக்காகத் தன் கடைசிப் படையை அனுப்பிவிட்டவன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எந்தக் கல்லறை என்று அவர்கள் கேட்பார்கள். எதுவாயினும், அந்த மேடை முழுவதற்கும் ஒரு பூ வைத்துவிட்டு வாருங்கள்.